கழலை இருக்கப் புற்று எதற்கு?

போன மாதம் பாம்பனில் ஒரு மருத்துவ முகாம். அங்கே கொடுத்த துண்டுத்தாளில், தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு வரும், புற்றல்லாத லிப்போமாவுக்குக் 'கொழுப்புப் புற்று' என்று அச்சடித்திருந்தார்கள். தோள்பட்டையில் எலுமிச்சை அளவு கட்டியோடு பத்து வருடமாக வலை பொத்திக்கொண்டிருக்கும் என் பெரியப்பா, அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இதே சொல்லை மண்டபத்திலும் கீழக்கரையிலும் முன்பே கேட்டிருக்கிறேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

லிப்போமா கிரேக்க வழிச் சொல். 'லிப்போஸ்' என்றால் கொழுப்பு. 'ஓமா' என்னும் ஈறு வீக்கத்தையும் கட்டியையும் குறிக்கும். அவ்வளவுதான். அந்த ஈற்றைக் கண்டதும் புற்று என்று எழுதுகிறார்கள். மெலனோமா புற்று, சரி. ஹீமட்டோமா என்பது ரத்தம் கட்டிக்கொள்வது, கிளாக்கோமா கண்ணில் வரும் நோய். இவற்றில் புற்று எங்கே இருக்கிறது? கொழுப்புத் திசுவில் வரும் உண்மையான புற்றுக்கு லிப்போசார்க்கோமா என்று தனிப்பெயர் உண்டு. 'கொழுப்புப் புற்று' என்பதை லிப்போமாவுக்குக் கொடுத்துவிட்டால், அதை என்னவென்று அழைப்பது?

'கொழுப்புக்கட்டி' என்றே சொல்லலாமே என்பார்கள். ஊரெல்லாம் வழங்கும் சொல்தான். ஆனால் அது செய்யும் கெடுதலும் கொஞ்சமில்லை. கொழுப்பு என்றதும் சாப்பாட்டுக் கொழுப்பைத்தான் நினைக்கிறோம். பெரியப்பாவுக்கு ஆட்டுக்கறியை நிறுத்தினார்கள், பிறகு எண்ணெயை, கடைசியில் மத்தி மீனையும். ஆளோ கருவாடு மாதிரி ஒல்லி. கறி தின்பதால் லிப்போமா வருவதாகச் சான்று இல்லை. பட்டினி கிடந்து உடம்பு இளைத்தாலும் அது கரையாது. நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரும், பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள். உடம்பில் பல இடங்களில் வருகிறதென்றால் குடும்பவழிக் காரணம் இருக்கலாம். அடிபட்ட இடத்தில் வரும் என்று சொல்வதுண்டு, அது இன்னும் உறுதியாகவில்லை. போதாக்குறைக்கு, நம் ஊரில் கொழுப்பு என்றால் திமிர் என்றும் பொருள். அப்படிப்பட்ட சொல்லை நோயாளியின் தோளில் ஏற்றுவானேன்?

'கட்டி'யும் குழப்பம்தான். வெல்லக்கட்டியும் கட்டி, வேனல்கட்டியும் கட்டி. சீழ்க்கட்டியைப் பழுக்கவைத்து உடைக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் நாம். அதே நினைப்பில் பெரியம்மா மஞ்சளைச் சூடாக அரைத்துப் பற்றுப் போட்டு, தோள் வெந்து கொப்பளித்ததுதான் மிச்சம். லிப்போமாவில் பழுக்கச் சீழ் கிடையாது. கொழுப்பணுக்கள் ஒரு மெல்லிய உறைக்குள் திரண்டு மெதுவாக வளர்வது அது. பற்றுப் போட்டுப் பயனில்லை.

இதற்குப் பழைய சொல் நம்மிடமே இருக்கிறது: கழலை. கழல்தல் என்றால் பிடி விட்டு நழுவுதல். ஆண்டாள் 'என்னுடைய கழல்வளையைத் தாமும் கழல்வளையே யாக்கினரே' என்று பாடுவதும் கைவளை நழுவும் இந்தக் கழல்தலைத்தான். இந்தக் கடலில் குளித்தெடுத்த சங்கிலிருந்தும் வளை அறுத்த காலம் உண்டு என்பதால் அந்த அடி எனக்குக் கூடுதல் நெருக்கம். லிப்போமாவின் ஓரத்தை விரலால் அழுத்தினால் அது தோலுக்கடியில் வழுக்கி விலகும். மருத்துவர்கள் அடையாளம் காண்பதும் இப்படித்தான். பெரியப்பாவுக்கு அகராதியும் தெரியாது, ஆண்டாளும் தெரியாது. கட்டி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டபோது அவர் சொன்னது: "விரல வச்சா கழண்டு கழண்டு ஓடுதுப்பா." தினமும் கயிற்று முடிச்சுக்குச் சொல்லும் அதே வினை.

கழலை என்றால் கழுத்தில் வருவதல்லவா என்று ஒரு நண்பர் மறுத்தார். அதை முன்கழுத்துக் கழலை என்கிறோம். அப்படியே இதைக் கொழுப்புக் கழலை என்போம். உள்ளே இருப்பது கொழுப்பு என்பதை நான் மறைக்கச் சொல்லவில்லை. தனியாகக் 'கொழுப்பு' என்றோ 'கட்டி' என்றோ நின்றால்தான் வம்பு. கழலை என்ற சொல் அந்த இரண்டையும் அதனதன் இடத்தில் வைக்கிறது. முகாம்களுக்குத் தாள் எழுதுபவர்கள் அச்சுக்குக் கொடுக்குமுன் வலை பொத்தும் ஒருவரிடமாவது படித்துக் காட்டியிருந்தால், அந்தப் 'புற்று' அன்றைக்கே போயிருக்கும்.

பயப்பட வேண்டிய அடையாளங்களைத்தான் அந்தத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும். 5 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதானால், சட்டென்று வளர்ந்தால், வலித்தால், ஆழத்தில் கெட்டியாக ஒட்டிக்கொண்டு கழலாமல் இருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். பெரியப்பாவுடையது இன்னும் கழன்றுகொண்டுதான் இருக்கிறது. தோள் புண் ஆறியதும் ராமநாதபுரத்துக்கு அழைத்துப்போய் ஒருமுறை காட்டிவிடலாம் என்றிருக்கிறேன். மத்தி மீனை மட்டும் நேற்றே திரும்பத் தொடங்கிவிட்டோம்.