இன்டக்ரேஷன்: ஒருங்கிணைப்பா, கலந்துறைதலா?

போன வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி: "போருக்குப் பின் மேற்கு ஜெர்மனிக்கு வந்த சூடேட்டன் ஜெர்மானியர் 1950களில் வெற்றிகரமாக ஒருங்கிணைக்கப்பட்டனர்." (சூடேட்டன் ஜெர்மானியர் என்போர் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளில் வாழ்ந்த ஜெர்மன் மொழிக்காரர்கள்.) ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே படித்தேன். அடுத்த பக்கத்தில் 'ஒருங்கிணைப்புக் கொள்கை'. அதற்கடுத்து 'ஒருங்கிணைப்பும் அடையாளமும்' என்று ஒரு தலைப்பு. அங்கே பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். கட்டுரைகளிலும் மேடைகளிலும் ஆங்கிலத்தின் இன்டக்ரேஷனுக்கு இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

சொல்லின் பிறப்பு எளியதுதான். லத்தீனில் 'இன்டெகெர்' என்றால் தொடப்படாதது, குறைபடாதது, முழுசு. முழு எண்ணை ஆங்கிலத்தில் இன்டிஜர் என்பதும் இதனால்தான். துண்டாகக் கிடப்பதை முழுசாக்குவது இன்டக்ரேஷன். கணக்கில் அதைத் தொகையிடல் என்கிறோம், நாட்டைப் பற்றிப் பேசும்போது ஒருமைப்பாடு என்கிறோம். இரண்டும் நிலைத்துவிட்ட நல்ல சொற்கள். ஊரை இழந்தவர்கள் இன்னோர் ஊருக்குப் போய் அங்குள்ளவர்களோடு வாழத் தொடங்குவதைச் சொல்லும் இடத்தில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள்.

யாரைப் பற்றிய பேச்சு என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாஜிகள் கிழக்கு ஐரோப்பாவில் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு, அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஜெர்மன் மொழிக்காரர்கள்மீது ஆத்திரம் திரும்பியது. 1945இல், போரில் வென்ற நாடுகளின் பாட்ஸ்டம் மாநாடு கூடும் முன்பே விரட்டல் தொடங்கிவிட்டது. போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி ஆகிய நாடுகளிலிருந்து அவர்களை ஜெர்மனிக்கு அனுப்புவதை மாநாடு ஏற்றுக்கொண்டது. ஒழுங்காகவும் மனிதத்தன்மையோடும் செய்ய வேண்டும் என்று எழுதியும் வைத்தது. தப்பி ஓடியவர்களும் விரட்டப்பட்டவர்களுமாகச் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர். 1950 வாக்கில் ஏறத்தாழ 80 லட்சம் பேர் மேற்கு ஜெர்மனியில் இருந்தார்கள், 40 லட்சம் பேர் கிழக்கில்.

மேற்கில் இவர்களுக்குச் சட்டம் வைத்த பெயர் ஃபெர்ட்ரீபன, அதாவது விரட்டப்பட்டோர். அவர்களை நிலைப்படுத்தும் வேலைக்கு அன்றைய ஜெர்மானியர் பெரிதும் ஆண்ட சொல் ஐன்கிளீடருங். இதில் 'கிளீட்' என்பது உறுப்பு. கைகாலும் கிளீட்தான், ஒரு சங்கத்தின் ஆளும் கிளீட்தான். தமிழில் உறுப்பு, உறுப்பினர் என்பதைப் போலவே. ஓர் உடம்போடு உறுப்பாகச் சேர்ப்பது என்பதே அந்தச் சொல்லுக்குள் இருக்கும் படம்.

இப்போது ஒருங்கிணைப்புக்கு வருவோம். இன்றைய தமிழில் ஒருங்கிணைப்பாளர் யார்? விழாவுக்கு மண்டபம் பிடிப்பவர், பேச்சாளர்களுக்கு நேரம் ஒதுக்குபவர், நான்கு துறைகளை ஒரே மேசையில் உட்கார வைப்பவர். கோஆர்டினேஷன் என்பதற்கு அந்தச் சொல் பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது. அதை அங்கிருந்து எழுப்பிவந்து இங்கே ஏன் நிறுத்த வேண்டும்? "சூடேட்டன் ஜெர்மானியர் ஒருங்கிணைக்கப்பட்டனர்" என்று படிக்கும் தமிழ் வாசகர், அவர்கள் ஓர் அமைப்பின் கீழ் திரட்டப்பட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்படித் திரண்டதும் நடந்தது, அதுதான் வினையே. பழைய ஊர்க்காரர்கள் 'லாண்ட்ஸ்மான்ஷாஃப்ட்' என்ற பெயரில் சங்கம் வைத்தார்கள். 1950 ஆகஸ்ட் 5இல் ஸ்டுட்கார்ட்டில் அந்தச் சங்கங்கள் சேர்ந்து ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டன. கட்சிகூடக் கண்டார்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரட்டப்பட்டோராக இருந்த ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் அந்தக் கட்சி 1950இலேயே 23.4 விழுக்காடு வாக்கு வாங்கியது. இதெல்லாம் நல்ல தமிழில் ஒருங்கிணைப்பு. ஆனால் வரலாற்றாசிரியர் இன்டக்ரேஷன் என்று சொல்வது இதன் மறுபக்கத்தை: அதே கட்சி 1957இல் 5 விழுக்காட்டைத் தாண்ட முடியாமல் நாடாளுமன்றத்தைவிட்டே போனதை, தனிக்கட்சி இனித் தேவையில்லை என்று பலரும் மற்றக் கட்சிகளோடு கலந்துவிட்டதை. ஒரே தமிழ்ச் சொல் இரண்டு எதிர்த் திசைகளைக் காட்டினால் வாசகர் எந்தப் பக்கம் போவார்?

'ஒருங்கிணைக்கப்பட்டனர்' என்ற செயப்பாட்டு வினை எனக்கு இன்னும் உறுத்துகிறது. யாரோ இணைத்தார்கள், இவர்கள் சும்மா இருந்தார்கள் என்ற தோற்றம் அதில் வந்துவிடுகிறது. அரசு செய்தது பெரிது, மறுக்கவில்லை. 1952இன் சுமைப்பகிர்வுச் சட்டம், சொத்துள்ளவர்களின் 1948ஆம் ஆண்டுச் சொத்து மதிப்பில் பாதியை 30 ஆண்டுத் தவணையில் வாங்கி, இழந்தவர்களுக்குக் கொடுத்தது. ஆனால் பவேரியாவில் காவ்ஃப்பொய்ரன் நகரத்தின் ஓரத்துக்குப் போய்ப் பாருங்கள். போர்க்காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலை தகர்க்கப்பட்டுக் கிடந்த காட்டில், செக்கோஸ்லோவாக்கியாவின் பொகீமியாப் பகுதியில் உள்ள கப்ளோன்ஸ் ஊரிலிருந்து விரட்டப்பட்ட கண்ணாடி மணிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். இடிந்த கட்டடங்களுக்குள்ளேயே பட்டறை போட்டு, பழையபடி பாசியும் பொத்தானும் நகையும் செய்தார்கள். இடத்துக்கு நொய்கப்ளோன்ஸ், புதுக் கப்ளோன்ஸ், என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அது காவ்ஃப்பொய்ரன் நகராட்சிக்குள்தான் இருக்கிறது, தன் பெயரோடு. இதைப் போய் "ஒருங்கிணைக்கப்பட்டனர்" என்று முடித்துவிட மனம் வரவில்லை.

சிலர் 'தன்மயமாக்கல்' என்று எழுதுகிறார்கள். இது அதைவிட மோசம். அது அசிமிலேஷனுக்கான சொல். உயிரியல் பாடத்தில் தன்மயமாதல் என்றால், தின்ற சோறு உடம்பாகிவிடுவது. அப்புறம் சோறு என்று ஒன்று இல்லை. சூடேட்டன் ஜெர்மானியரை பவேரிய அரசு 1954இல் பழைய பவேரியர், பிராங்கர், சுவாபியர் என்ற மூன்று குலங்களோடு நான்காவது குலம் என்று ஏற்றுக்கொண்டது. நான்காவது என்று எண்ணப்படுபவர் கரைந்து போனவர் அல்லர். 

சரி, என் சொல் எது? 'உறுப்பாதல்' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். ஜெர்மன் சொல்லுக்கு அணுக்கம், ஆனால் உறுப்பினர் அட்டை வாங்குவதுபோல் ஒலிக்கிறது. தேடிப் போகவே வேண்டாம், பட்டினப்பாலையில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்லும்போது "புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்" என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பல மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஒரே நகரத்தில் கலந்து வாழ்கிறார்கள். கலந்துறைதல்: இதில் இரண்டு தரப்பும் இருக்கிறது, வாழ்வதும் இருக்கிறது, மற்றவருக்குள் காணாமல் போவது இல்லை. அந்தப் பட்டினத்துக்கு வந்தவர்கள் விரும்பி வந்தவர்கள், இவர்கள் விரட்டப்பட்டவர்கள் என்று ஒரு நண்பர் மறுத்தார். உண்மைதான். தங்கள் வீட்டு அறைகளைப் பறித்து இவர்களுக்கு ஒதுக்கியதில் உள்ளூர்க்காரர்கள் கொதித்தார்கள். 'அகதி' என்பதற்கான சொல்லே வசைச்சொல்லாகப் புழங்கியது. அதனால்தான் 'இனிது' என்பதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் எடுக்கச் சொல்கிறேன். உறைதல் என்றால் தயிர் உறைவதல்லவா என்றும் கேட்டார். உறைவிடப் பள்ளி என்றால் எல்லாருக்கும் புரிகிறது, இதுவும் புரியும். அரசின் பங்கைச் சொல்லவேண்டிய இடத்தில் 'கலந்துறையச் செய்தல்' எனலாம். செய்தித்தாளுக்குக் கனமாகப் பட்டால் 'கலந்து வாழ்தல்' போதும்.

அதே மெய்ப்பில் இந்த மக்கள் ஜெர்மனியில் 'மீள்குடியேற்றப்பட்டனர்' என்றும் இருந்தது. 'ரீ' வந்தாலே 'மீள்' போடும் பழக்கம் இது. மீள்வது என்றால் திரும்புவது. இலங்கைத் தமிழருக்கு மீள்குடியேற்றம் என்றால் முதலில், போரால் விட்டுவந்த தன் காணிக்கே திரும்பிப் போவதுதான். கப்ளோன்ஸ்காரர்கள் திரும்பவில்லை. அவர்கள் விட்டுவந்த ஊர் இன்று செக் நாட்டின் யப்லொனெட்ஸ். அந்த 'மீள்' என்ற இரண்டு எழுத்தையும் அடித்துவிட்டு 'குடியமர்த்தப்பட்டனர்' என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன்.