தொலைநிலைக் கல்வி: சொல் விளக்கம்

“கரஸ்ல பி.ஏ. முடிச்சேன்” என்று சொல்பவர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. கரஸ்பாண்டென்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் முன்பாதியான இந்தக் ‘கரஸ்’, எழுத்துத் தமிழில் ‘அஞ்சல்வழிக் கல்வி’ ஆயிற்று. பாடப் புத்தகக் கட்டைத் தபால்காரர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போக, விடைத்தாளை மாணவர் தபாலிலேயே திருப்பி அனுப்பிய காலத்துக்கு அது பொருத்தமான பெயர்தான். இங்கிலாந்தில் 1840-இல் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைக் கற்பித்ததும் தபால் வழியேதான்.

வானொலி, தொலைக்காட்சி, வார இறுதி நேர்முக வகுப்பு எனப் பிற வழிகளும் சேர்ந்தபின் ‘அஞ்சல்’ என்ற பெயர் போதாமல் போயிற்று. இத்துறையின் உலக அமைப்பே 1982-இல் தன் பெயரிலிருந்த ‘கரஸ்பாண்டென்ஸ்’ என்பதை நீக்கி, ‘டிஸ்டன்ஸ்’ என்று வைத்துக்கொண்டது. இச்சொல்லின் இலத்தீன் வேரில் ‘டிஸ்’ என்பது விலகலையும் ‘ஸ்டாரே’ என்பது நிற்றலையும் குறிக்கும்.

தமிழில் ‘தொலைதூரக் கல்வி’, ‘தொலைநிலைக் கல்வி’ என இரு வடிவங்கள் வழங்குகின்றன. ‘தொலை’ என்றாலே தூரம் என்பதால் முன்னது கூறியது கூறல். அதோடு, நெடுந்தொலைவில் இருப்பவருக்கே உரிய கல்வி என்ற மயக்கத்தையும் அது தருகிறது. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருப்பவரும் இதில் சேரலாம். அவர் விலகி நிற்பது வகுப்பு நேரத்திலிருந்துதானே தவிர ஊரிலிருந்து அன்று. ‘நில்’ என்பதிலிருந்து வந்த ‘நிலை’ அந்த இலத்தீன் வேரோடும் பொருந்துவதால், பின்னதே செம்மையானது என்பது என் கருத்து.

பல்கலைக்கழகங்கள் இம்முறையை நாடிய காரணமும் வகுப்பிலிருந்து விலகி நிற்கும் இந்த நிலையில் அடங்கியிருக்கிறது. கல்லூரி இடங்கள் போதாத நிலையில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இலும், அன்றைய மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் இதைத் தொடங்கின. வேலையையோ வீட்டையோ விட்டு வர இயலாதவர்களுக்குப் பட்டம் கிடைத்தது. புதிய வகுப்பறையும் விடுதியும் கட்டாமலே பல்கலைக்கழகத்துக்குச் சேர்க்கையும் கட்டண வருவாயும் பெருகின. (பின்னதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை.)

‘திறந்தநிலை’ என்பது வேறு: அது சேர்க்கை விதிகளின் தளர்வைக் குறிப்பது. 2002-இல் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருப்பது அதுவே. 1980-இல் தொடங்கிய இலங்கை நிறுவனமோ ‘திறந்த பல்கலைக்கழகம்’ என்றே வழங்குகிறது.