டிரெய்லரை இழுக்கும்போது கியர்பெட்டிக்குள் நடப்பது என்ன?

பாரம் இழுக்க மேனுவல் கியர்தான் ஏற்றது, ஆட்டோமேட்டிக் தாங்காது என்ற கருத்து நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஆனால் இன்றைய பிக்கப் டிரக், எஸ்யூவி வண்டிகளின் இழுவை வரம்புகளைப் பார்த்தால் நிலைமை தலைகீழாக இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் ஜீப் கிளாடியேட்டர் ரூபிகான் வண்டியில், ஆட்டோமேட்டிக் கியருக்கு 7,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 3,175 கிலோ வரை இழுக்க அனுமதி உண்டு. அதே பெட்ரோல் எஞ்சினோடு மேனுவல் கியர் பொருத்தினால் வரம்பு 4,500 பவுண்டுக்கு இறங்கிவிடும். இத்தகைய இடைவெளிக்குப் பல காரணங்கள் உண்டென்றாலும், முதன்மையான காரணம் நின்ற வண்டி நகரத் தொடங்கும் முதல் சில நொடிகளில் இருக்கிறது.

மேனுவல் வண்டியில் எஞ்சின் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்க, சக்கரங்கள் அசையாமல் நிற்கின்றன. இரண்டின் வேகமும் ஒன்றாகும் வரை கிளட்ச் தட்டு, எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலோடு உராய்ந்து வழுக்கியாக வேண்டும். அந்த வழுக்கலில் இழக்கப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. 2,500 கிலோ எடையுள்ள வண்டி சமதரையில் மணிக்கு 7 கி.மீ. வேகத்தை எட்டும்போது கிளட்ச் முழுமையாகப் பிடிக்கிறது என்று கொண்டால், தட்டில் ஏறக்குறைய 5 கிலோஜூல் வெப்பம் சேரும். அதே எடையுள்ள டிரெய்லரைப் பூட்டினால் அது 10 கிலோஜூலாகும். 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் ஏற்றத்தில் இரண்டரை நொடியில் அதே வேகத்தை எட்ட வேண்டுமென்றால், புவியீர்ப்பையும் எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால், வெப்பம் 21 கிலோஜூலைத் தாண்டிவிடும். ஒருமுறை என்றால் பரவாயில்லை. நெரிசலில் ஏற்றத்தின் மீது நின்று நின்று நகரும்போது, காற்றைத் தவிர வேறு குளிர்விப்பு இல்லாத அந்த உலர்ந்த தட்டு ஆறுவதற்குள் அடுத்த சூடு வந்து சேர்கிறது. கருகல் வாடை மூக்கை எட்டும் நேரத்தில் உராய்வுப் பரப்பு தேயத் தொடங்கியிருக்கும்.

ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சின் இடத்தில் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. எஞ்சினோடு சுழலும் பம்பு எண்ணெயை வீசி எறிய, எதிரே இருக்கும் டர்பைன் அதன் வேகத்தை வாங்கிச் சுழல்கிறது. டர்பைனிலிருந்து திரும்பும் எண்ணெயின் திசையை நடுவிலுள்ள ஸ்டேட்டர் மாற்றிவிடுவதால், வண்டி கிளம்பும் தருணத்தில் முறுக்குவிசை ஏறத்தாழ இருமடங்காகிறது. கிளட்ச் எவ்வளவுதான் வழுக்கினாலும் எஞ்சின் தரும் முறுக்குவிசையைக் கூட்டித் தராது. கன்வர்ட்டரிலும் வழுக்கலும் வெப்பமும் உண்டு, சொல்லப்போனால் தாராளமாகவே உண்டு. ஆனால் அந்த வெப்பம் எண்ணெயில் சேர்கிறது. எண்ணெயைக் குழாய் வழியே கூலருக்கு அனுப்பிக் குளிர்வித்துத் திரும்பக் கொண்டுவர முடியும்.

அப்படியானால் பழைய கருத்து எங்கிருந்து வந்தது? மூன்று, நான்கு கியர் மட்டுமே இருந்த, வேகம் சீரானதும் பம்பையும் டர்பைனையும் ஒன்றாகப் பிணைத்துக் கன்வர்ட்டரைப் பூட்டும் லாக்அப் வசதி இல்லாத அன்றைய ஆட்டோமேட்டிக்குகள், பாரத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போதுகூட ஓயாமல் வழுக்கி எண்ணெயைச் சுட்டன. மேனுவல் டிரக்குகளிலோ முதல் கியர் 6க்கு 1 (எஞ்சின் ஆறு சுற்றுச் சுற்றினால் கியர்பெட்டியின் வெளித்தண்டு ஒரு சுற்று) என்ற அளவுக்குத் தாழ்வாக இருந்ததால், கிளட்ச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. வழுக்கும் நேரம் குறைந்தது. மேனுவலுக்கு இருந்த நற்பெயரில் பாதி இந்தத் தாழ்ந்த முதல் கியருக்கே உரியது என்பேன். ஆனால் டீசல் எஞ்சின்களின் முறுக்குவிசை ஏற ஏற, கால்மிதியால் அழுத்தக்கூடிய கிளட்ச்சும் மேனுவல் கியர்பெட்டியும் ஈடுகொடுக்க முடியாமல் போயின. 2018ஆம் ஆண்டின் ராம் கனரக டிரக்கில், மேனுவலோடு வந்த கம்மின்ஸ் டீசல் ஏறத்தாழ 895 நியூட்டன் மீட்டருக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. வலிமையான ஆட்டோமேட்டிக்கோடு வந்தது 1,260 வரை தந்தது. அந்த ஆண்டோடு அங்கே மேனுவல் முடிந்தது.

டிரெய்லரைப் பின்னோக்கி நகர்த்துவதுதான் மேனுவலுக்கு உண்மையான சோதனை. சமதரையில், குறுகிய இடத்தில், நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, அங்குலம் அங்குலமாகப் பின்னே போக வேண்டும். கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி இருப்பதைத் தவிர வழியில்லை. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் எல்லாக் கியர்களையும் மேலும் தாழ்த்தும் லோ ரேஞ்ச் இருந்தால் கைகொடுக்கும், ஆனால் முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும் மைய டிஃபரன்ஷியல் இல்லாத வண்டிகளில் உலர்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டுத் திரும்பினால் அச்சுகள் முறுக்கிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கைச் சற்றே தளர்த்தினால் போதும், வண்டி தானே ஊர்ந்துவிடும்.

இறக்கத்தில் நிலைமை மாறுகிறது. தாழ்ந்த கியரில் விட்ட மேனுவல் வண்டி எஞ்சினோடு நேரடியாக இணைந்திருப்பதால், அதுவே வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பழைய ஆட்டோமேட்டிக்குகள் காலை எடுத்ததும் மேல் கியருக்குத் தாவி, முழுச் சுமையையும் பிரேக்கின் மீது போட்டன. இப்போதுள்ள டோ ஹால் பொத்தான், அதாவது பாரம் இழுப்பதற்கான முறைக்கு மாற்றும் பொத்தான், பிரேக் அழுத்துவதைக் கவனித்துக் கீழ் கியருக்கு இறக்குவதோடு கன்வர்ட்டரையும் பூட்டியே வைக்கிறது. டீசலில் காற்றை அடைக்கும் திராட்டில் பொதுவாக இல்லாததால் எஞ்சின் பிரேக்கிங் இயல்பிலேயே பலவீனமானது. எந்தக் கியர்பெட்டியானாலும், புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினை மந்தப்படுத்தும் எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாத டீசல் வண்டியில், கனத்த டிரெய்லரோடு நீண்ட மலை இறக்கத்தில் இறங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்.