அடுத்தவர் அளவில் தைத்த ஹார்னஸ்

விமானத்திலிருந்து குதிப்பவரின் உடம்போடு பாராசூட்டைப் பிணைக்கும் பட்டைகளும் முதுகுப் பையும் சேர்ந்ததுதான் ஸ்கைடைவிங் ஹார்னஸ். பழைய ஹார்னஸ் வாங்கப் போகிறவர் முதலில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார். கால் பட்டைகளை இழுத்து இறுக்குவார், மார்புப் பட்டையைச் செருகுவார், நின்ற இடத்திலேயே இரண்டு முறை குதித்துப் பார்ப்பார். எனக்கே தைத்தது போல இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார். இந்தச் சோதனையால் தெரிவது மிகக் குறைவு. தரையில் நிற்கும்போது ஹார்னஸ் உங்கள் தோளில் தொங்குகிறது. பத்து கிலோ அளவுள்ள ஒரு மூட்டையை நீங்கள் சுமக்கிறீர்கள். பாராசூட் விரிந்ததும் உங்களைச் சுமப்பது ஹார்னஸின் வேலையாகிவிடுகிறது. பட்டைகள் எல்லாம் மேல்நோக்கி இழுபட, உடம்பு கீழே இறங்கி உட்காருகிறது. ஹார்னஸின் உண்மையான அளவு அப்போதுதான் தெரியும்.

வாங்கியவர் தன் கையால் கூட்டிக் குறைக்கக்கூடியவை பொதுவாக மூன்றே பட்டைகள்: கால்களுக்கு இரண்டு, மார்புக்கு ஒன்று. மற்றதெல்லாம் முதல் உரிமையாளரின் உடம்பை அளந்து தைத்தது. அவற்றில் முதன்மையானது மெயின் லிஃப்ட் வெப் என்கிற பட்டை. தோளின் முன்புறம் உள்ள மூன்று வளையங்களில் தொடங்கி, மார்பின் இரு பக்கமும் இறங்கி, இடுப்பருகே கால் பட்டைகளோடு சேர்கிறது. இதன் நீளத்தை முடிவு செய்வது உடற்பகுதியின் நீளம். ஆளின் மொத்த உயரம் இதில் அதிகம் உதவாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு உடம்பு நீளமாகவும் இருக்கலாம். ஆகவே, ‘விற்பவரும் என் உயரம்தான்’ என்பதை நம்பி வாங்குவது அடுத்தவர் மூக்குக்கண்ணாடியை வாங்குவது போலத்தான். பயிற்சி மாணவர்களுக்கான ஹார்னஸ்களில் இந்தப் பட்டையையும் நீட்டிக் குறைக்க வசதி வைத்திருப்பார்கள். அனுபவசாலிகள் அணியும் ரகத்தில் பொதுவாக அது இருக்காது.

ஓர் அங்குலம் கூடக் குறைய இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. வயிறு தரையைப் பார்க்க விழுகிறவரின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 53 மீட்டர். பாராசூட் குடை விரிந்து அதை 6 மீட்டராகக் குறைக்க 3 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் வினாடிக்கு 16 மீட்டர் வீதம் குறைகிறது. புவியீர்ப்பின் 10-ஐயும் சேர்த்தால் 26. ஆக, 70 கிலோ ஆள் அந்த 3 வினாடியும் சராசரியாக 180 கிலோவுக்கு மேல் கனக்கிறார். உச்சத்தில் இது இன்னும் கூடும். இந்தச் சுமை குடையின் கயிறுகளிலிருந்து ரைசர்களுக்கும் (கயிறுகளை ஹார்னஸோடு இணைக்கும் பட்டைகள்), அங்கிருந்து மூன்று வளையங்களுக்கும், மெயின் லிஃப்ட் வெப்புக்கும், கடைசியில் கால் பட்டைகளுக்கும் போகிறது. ஏறக்குறைய முழுப் பாரத்தையும் தாங்குவது தொடைகளைச் சுற்றிய, 44 மில்லிமீட்டர் அளவு அகலமுள்ள இரண்டு நைலான் பட்டைகள். மார்புப் பட்டையின் முதல் வேலை இரு பக்கமும் விலகாமல் பிடித்து வைப்பது.

இந்த இழுப்பில், நீளமான மெயின் லிஃப்ட் வெப் தன் மிச்சத்தையெல்லாம் மேலே தள்ளிவிடும். தரையில் காறையெலும்பருகே இருந்த வளையங்கள் காதோரம் வந்து நிற்கும். அவற்றோடு கைப்பிடிகளும் ஏறும். வலப்புறம் இருப்பது கோளாறான பிரதானக் குடையைக் கழற்றிவிடும் கட்அவே கைப்பிடி. இடப்புறம் ரிசர்வ் என்கிற மாற்றுக் குடையைத் திறக்கும் கைப்பிடி. குடை முறுக்கிக்கொண்டு ஆளைச் சுழற்றும் வேளையில், கை தரையில் பழகிய இடத்துக்குத்தான் போகும். கைப்பிடியோ இரண்டு அங்குலம் தள்ளி இருக்கும். பட்டை குட்டையாக இருந்தால் சங்கடம் வேறு விதம்: தோள் அழுந்தும், உடம்பை வளைத்து விழுவது கடினமாகும், தொடையிடுக்கு அறுபடும். குட்டையானது வலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். நீளமானது சுகமாக இருக்கும். எனக்கு அதுதான் பயம்.

பக்கவாட்டுப் பட்டைகளும் இதே ரகம்தான். அவை இடுப்பிலிருந்து முதுகுப் பைக்குப் போகிறவை. நீளம் கூடினால் முதுகுக்கும் பைக்கும் நடுவே இடைவெளி விழும். உட்கார்ந்த நிலையில் விழும்போது பை நகர்ந்து, அதன் அடியில் செருகியிருக்கும் பைலட் சூட்டின் (பிரதானக் குடையை வெளியே இழுக்கும் சிறு குடை) பிடி கைக்குத் தப்பும். கால் பட்டைகள் முழங்காலை நோக்கி நழுவுவதும் அந்த நிலையில்தான். அதைத் தடுக்க இரண்டையும் பின்புறம் இணைக்கும் சிறு எலாஸ்டிக் கயிறு போதும்.

சரி, எப்படிச் சோதிப்பது? தொங்கித்தான். பாராசூட்டுகளை மடித்துப் பழுதுபார்க்கத் தகுதி பெற்ற ரிக்கர் ஒருவர் பக்கத்தில் இருக்க, உறுதியான கொக்கிகளில் ரைசர்களை மாட்டி, குதிக்கும்போது அணியும் உடையோடும் ஹெல்மெட்டோடும் அதில் தொங்குங்கள். ஏறுவதற்கு முன், கால் பட்டை தன்னை இறுக்கும் பக்கிளைக் கடக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் போகட்டும். வளையங்கள் எங்கே இருக்கின்றன? தாடைக்கு மேலே போயிருந்தால் அந்த ஹார்னஸ் உங்களுக்கு இல்லை. குனிந்தால் இரண்டு கைப்பிடிகளும் தெரிகின்றனவா? கண்ணை மூடிக்கொண்டு தொட முடிகிறதா? இறங்கியபின் சாக்பீஸ் கோட்டைப் பாருங்கள். பக்கிளை விட்டு அது விலகியிருந்தால் பட்டை வழுக்குகிறது என்று பொருள். அந்தப் பக்கிள் பட்டையைப் பிடித்து வைப்பது உராய்வால் மட்டுமே. பல ஆண்டு இழுபட்ட நைலான் மெலிந்து, வழவழப்பாகி, ஓரம் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருக்கும். உராய்வு குறைந்த பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அது மெல்ல நழுவிக்கொண்டேயிருக்கும்.

கால் பட்டையின் மெத்தை, எலாஸ்டிக் போன்றவற்றை மாற்றுவது எளிது. பக்கவாட்டுப் பட்டை நடுத்தரமான வேலை. மெயின் லிஃப்ட் வெப்பைத் தொட்டால் பெரிய வேலை. சட்டையைப் பிடித்துத் தைப்பது போல மடித்து ஒரு தையல் போட முடியாது; தையலைப் பிரித்து, பொதுவாகப் பட்டையையே புதிதாக வைப்பார்கள். அமெரிக்காவில் மாஸ்டர் ரிக்கர் உரிமம் உள்ளவரோ தயாரிப்பு நிறுவனமோதான் இதைச் செய்யலாம். வேலை அதோடு முடிவதில்லை. 1970-களில் பில் பூத் வடிவமைத்த மூன்று வளைய அமைப்பில், ஒவ்வொரு வளையமும் நெம்புகோலாக நின்று சுமையைக் குறைக்கிறது. கடைசியில் மிஞ்சும் சிறு பங்கை ஒரு மெல்லிய கண்ணியும் அதனூடே செல்லும், கட்அவே கைப்பிடியோடு இணைந்த கேபிளும் பிடித்திருக்கின்றன. அந்தக் கேபிளின் நீளமும் அது ஓடும் குழாயின் நீளமும் ஹார்னஸின் அளவுக்குக் கணக்கிட்டவை. பட்டை மாறினால் அவற்றையும் சரிபார்த்தாக வேண்டும். மலிவாகக் கிடைத்த ஹார்னஸின் விலை ஏறுவது பெரும்பாலும் இங்கேதான்.

அதனால் விலை பேசுமுன் பையில் தைத்திருக்கும் சீட்டில் உள்ள வரிசை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணைக் கொடுத்தால், எந்த அளவுக்குத் தைத்தது என்பதைத் தயாரிப்பு நிறுவனத்தால் பெரும்பாலும் சொல்ல முடியும். கூடவே உங்கள் அளவுகளையும் அனுப்புங்கள்: உயரம், எடை, மார்பு, தொடை, கழுத்துக்குழியிலிருந்து தொடையிடுக்கு வரை உள்ள நீளம். கடைசி அளவை மட்டும் நீங்களே எடுக்காதீர்கள். குனிந்து டேப்பைப் பார்த்தாலே அது மாறிவிடும்.