ட்ரெயின் வரலன்னா அது உங்க சைக்கிள் ட்ராக் ஆயிடாது

மறுபடியும் அதே கேஸ். வடசென்னைல ஒரு குடியிருப்போர் சங்கம், பக்கத்துல புதர் மண்டிப்போன பழைய கூட்ஸ் சைடிங் (மெயின் லைன்லேருந்து பிரிஞ்சு சரக்கு வேகன் நிறுத்தப் போற கிளைத் தண்டவாளம்) ஒண்ணு, "இதுல ட்ரெயினே வர்றதில்ல சார், சைக்கிள் பாதைக்கு ஒரு டிசைன் போட்டுக் குடுங்க"ன்னு கேட்டாங்க. நல்ல ஆசதான். ஆனா டிசைன் கேக்குறதுக்கு முன்னாடியே ஞாயித்துக்கிழம காலைல பசங்கள சைக்கிளோட ட்ராக்ல எறக்கி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல சுத்த விட்டாச்சு. ரோடு டிசைன் பண்றவனுக்கு இந்த மாதிரி போட்டோ வந்தா வயித்தக் கலக்கும்ங்க.

வண்டி ஓடலங்கறது வேற, லைன மூடிட்டாங்கங்கறது வேற. எத்தன தடவதான் சொல்றது? மதுரை - போடி மீட்டர் கேஜ் லைன் 2010 கடைசில நின்னுச்சு, பத்து வருஷத்துக்கு மேல ஒரு வண்டி கெடையாது, அப்புறம் 2022ல தேனி வரைக்கும், 2023ல போடி வரைக்கும் பிராட் கேஜ்ல வண்டி வந்துடுச்சு. நடுவுல யாராவது தார் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? சைடிங் இன்னும் மோசம். மாசக்கணக்குல ஒண்ணும் வராது, திடீர்னு ஒரு நாள் இஞ்சின் நாலு வேகன தள்ளிக்கிட்டு வந்து நிக்கும், அது டைம்டேபிள்லயும் இருக்காது உங்க ஆப்லயும் காட்டாது. தண்டவாளம் துருப்பிடிச்சிருக்குன்னு சொல்றதெல்லாம் ஒரு ஆதாரமே இல்ல. மேல கம்பி போகுதுன்னா அதுல 25,000 வோல்ட் இருக்குன்னே வெச்சுக்கோங்க.

அடுத்தது "புறம்போக்குதானே சார்". இல்ல சார், ரயில்வே நிலம். அனுமதியில்லாம உள்ள போனா 1989 ரயில்வே சட்டம் 147வது பிரிவு, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு. கவுன்சிலர் தலையாட்டினாருங்கறதெல்லாம் பேப்பர் ஆகாது. லைன நெசமாவே மூடியாச்சா, நிலத்த குடுப்பாங்களா, எத்தன வருஷத்துக்கு, இது மூணும் ரயில்வே கோட்ட ஆபீஸ்லேருந்து எழுத்துல வரணும்.

"அமெரிக்கால பண்றாங்களே"ம்பாங்க. பண்றாங்க, 1983ல சட்டத்த திருத்தி, நாளைக்கு ரயில் வேணும்னா பாதைய திருப்பிக் குடுக்கணும்னு எழுதி வெச்சுட்டுப் பண்றாங்க. இங்கிலாந்துல பிரிஸ்டல் - பாத் பாதை வெறும் 13 மைல்தான், அதுக்கே 1979லேருந்து 1986 வரைக்கும் ஆச்சு. நெசமாவே மூடின லைன்னா எனக்கும் ஆசதான், ரயில் ஏறுற மாதிரி லேசா போட்ட சரிவுல தாத்தா பாட்டி கூட மூச்சு வாங்காம மிதிக்கலாம். 1837ல செங்குன்றத்துலேருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு கல்லு ஏத்துன லைன் எந்த வழியா போச்சுன்னு இன்னைக்கு தேடித்தான் கண்டுபிடிக்கணும், அந்த வயித்தெரிச்சல் எனக்கும் உண்டு.

பேப்பர் வந்துடுச்சுன்னே வெச்சுக்குவோம். தண்டவாளத்துக்கு அடில குறுக்கே கெடக்குற பழைய மர சிலீப்பர் கட்டைய தயவுசெஞ்சு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, அது ரயில்வே சொத்து, அதோட கரையான் அரிக்காம இருக்க கிரியோசோட்ங்கற தார் எண்ணெய்ல ஊறப்போட்ட கட்டை, போகிக்கு கொளுத்துனா அந்தப் புகை முழுக்க விஷம். களைக்கொல்லி, ஆயில்னு வருஷக்கணக்கா ஊத்தின மண்ணு, டெஸ்ட் பண்ணாம கொழந்தைங்கள வெளையாட விடாதீங்க. ரோட்ட கிராஸ் பண்ற எடத்துலதான் அடிபடுவாங்க, உங்க கவனமும் காசும் மொதல்ல அங்க போகட்டும், எல்இடி வளைவெல்லாம் அப்புறம். டூவீலர் வரக்கூடாதுன்னு இஷ்டத்துக்கு இரும்புக் கம்பம் நடுவாங்க, ராத்திரி சைக்கிள்காரன் அதுலதான் போய் முட்டுவான், நட்டே ஆகணும்னா ஒண்ணரை மீட்டர் இடைவெளி, பளிச்சுன்னு ரிஃப்ளெக்டர்.

அப்புறம் கல்வெர்ட். தண்டவாளம் போற மண் கரைக்கு அடில தண்ணி போக விட்டிருக்குற அந்த சின்ன ஓட்டைங்கள ஒண்ண அடைச்சாலும் ஒரு பக்கத்து தெரு பூரா தண்ணில நிக்கும், 2015 வெள்ளத்த பாத்த ஊருக்கு இத நான் வெளக்கணுமா. வர்ற ஐப்பசி மழைல கொடையோட போய் எந்தப் பக்கம் தண்ணி நிக்குது, எது வழியா வடியுதுன்னு போட்டோ எடுத்துட்டு வாங்க. ரோட்டுல நின்னே எடுங்க, ட்ராக்ல ஏறாதீங்க.