உடைந்த வாயை உற்றுப் பாருங்கள்

குடியாத்தம் பக்கம் தேங்காய் நார் ஆலை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், ஒரு பை நிறைய உடைந்த நாற்றுத் தொட்டிகளுடன் காட்பாடியில் என் பட்டறைக்கு வந்தார். பி.எல்.ஏ. என்னும் மக்கும் பிளாஸ்டிக்கில் நாரைக் கலந்து அச்சில் வார்த்தவை. மண் நிரப்பித் தூக்கினால் விளிம்பு கையோடு வந்துவிடுகிறதாம்.

"நார் மட்டம் என்கிறார் மோல்டிங் செய்தவர். வேறு நார் வாங்கட்டுமா, சார்?"

"பொறுங்கள் தம்பி" என்று பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன்.

உடைந்த வாயில், அதாவது முறிந்த முகத்தில், நார்கள் நீளநீளமாக நீட்டிக்கொண்டிருந்தன. எதிர்த்துண்டில் அவை இருந்த இடமெல்லாம் ஊசி குத்தியதுபோல் வழவழப்பான துளைகள். நாரின்மேல் ஒரு பொட்டுப் பிளாஸ்டிக்கூட இல்லை. நார் அறவில்லை, உருவிக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டும் தொடும் இடத்தில் பிடிப்பே இல்லை. எத்தனை நார் மாற்றினாலும் இது தீராது.

நாரிலுள்ள செல்லுலோஸ் என்னும் தாவரப் பொருள் ஈரத்தை இழுக்கும், பி.எல்.ஏ. ஈரத்தோடு ஒட்டாது. போதாக்குறைக்கு, தேங்காய் நாரின் மேல் மெழுகும், மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னினும் படிந்திருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்குச் சுவரில் சுண்ணாம்பு அடித்த கதைதான். அந்தப் பிசுக்கை எடுக்கக் காரநேர்த்தி செய்கிறோம், அதாவது நாரைக் காரக் கரைசலில் ஊறவைக்கிறோம். ஜான் மெர்சர் 1850இல் பருத்திக்குக் காப்புரிமை பெற்ற முறையின் உறவுதான் இது. மெர்சரைஸ் நூலில், அதாவது காரத்தில் நனைத்துப் பளபளப்பாக்கிய நூலில், லுங்கி நெய்யும் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ காஸ்டிக் சோடா என்ற கணக்கில் கரைத்து, இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் நாரை ஊறவைக்கிறேன். மேற்பரப்பு சொரசொரப்பாகிறது, பிளாஸ்டிக் பற்றிக்கொள்ள இடம் கிடைக்கிறது. காரத்தைக் கூட்டினால் இன்னும் நன்றாக வரும் என்று எண்ணாதீர்கள். நாரே நைந்துவிடும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது: காரம் அதை அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அருகில் போகாதீர்கள்.

பிறகு அலசல். நாரில் காரம் தங்கினால், உருகும்போது அது பி.எல்.ஏ.வின் மூலக்கூறுச் சங்கிலிகளையே அறுக்கும். அலசிய பழுப்புத் தண்ணீரை ஓடையில் விடுவதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எழுதிய மாவட்டம் இது. காரக் கரைசலை மறுபடி பயன்படுத்துங்கள். மீந்ததை நடுநிலையாக்கி, சுத்திகரித்த பின்பே வெளியேற்றுங்கள்.

அந்த இளைஞரின் நாரில் 100 கிராம் எடுத்து 105 டிகிரியில் உலர்த்தி எடை போட்டோம்: 90 கிராம். பத்துப் பங்கில் ஒரு பங்கு தண்ணீர்! அது உருகும் பிளாஸ்டிக்கில் ஆவியாகி, நாரைச் சுற்றிக் குமிழி கட்டும், பி.எல்.ஏ.வையும் உடைக்கும். வேலூர் வெயிலில் காய்ந்த நார்தானே என்பார்கள். இரவில் திறந்த மூட்டை காற்றிலிருந்தே ஈரத்தைக் குடித்துவிடும். நார், பிளாஸ்டிக் குருணை இரண்டையும் ஓவனில் உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் இயந்திரத்தில் போடுங்கள். 200 டிகிரியைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும்.

இன்னும் பிடிப்பு வேண்டுமானால் சிலேன் போன்ற இணைப்பு மருந்து உண்டு. ஒரு கையால் நாரையும் மறு கையால் பிளாஸ்டிக்கையும் பிடிக்கும். செலவு கூடும் என்பதால் நான் கடைசியில்தான் அதைத் தொடுவேன்.

இன்னொன்று: பாலிப்ரொப்பிலீன் என்னும் மக்காத பிளாஸ்டிக்கில் நாரைக் கலந்து 'மக்கும் தொட்டி' என்று விற்பது ஏமாற்று. நார் மக்கும், பிளாஸ்டிக் துகள் மண்ணில் கிடக்கும். பி.எல்.ஏ.வும் கொல்லைக் குப்பைக்குழியில் எளிதில் மக்காது; 58 டிகிரி அளவில் சூடேறும் உரக்கூடம் வேண்டும். வாங்குபவரிடம் இதைச் சொல்லி விற்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அவர் புதுத் தொட்டியைக் கொண்டுவந்து என் எதிரிலேயே உடைத்தார். இம்முறை இரண்டு கையும் வேண்டியிருந்தது. நார்கள் விளிம்போடு விளிம்பாக அறுந்திருந்தன, நுனிகளில் வெண்பொட்டுகளாகப் பிளாஸ்டிக். ஒரு மூலையில் மட்டும் நாலைந்து நார் உருவியிருந்தது. கேட்டேன். மழையன்று ஒரு மூட்டை திறந்தே கிடந்ததாம்.