எஞ்சின் மானியம்: ஆணை வருமுன் காசு கட்டாதீர்கள்

நாட்டுப்படகின் பின்பலகையில் மாட்டும் வெளிப்பொருத்தும் எஞ்சின் வாங்க, தமிழக மீன்வளத்துறை 40 விழுக்காடு மானியம் தருகிறது. உச்சவரம்பு 48,000 ரூபாய். திட்டம் இவ்வளவுதான், அலைச்சல் இதற்கு அப்புறம்தான்.

துறையின் ஒப்புதல் ஆணை கையில் வருமுன் எஞ்சினுக்குப் பணம் கட்டாதீர்கள். "ஆர்டர் வந்த மாதிரிதாண்ணே, பில்லைப் போட்டுடலாம்" என்பார் கடைக்காரர். ஆணைக்கு முந்தைய தேதியில் பில் இருந்தால் மனு அங்கேயே விழும். நகையை அடகு வைத்து வாங்கிவிட்டு, மானியமும் வராமல் வட்டி கட்டும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வில்லங்கம் பெயர். படகு இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும். கடலுக்குப் போவது மகன். முதலில் பதிவை மாற்றுங்கள், பிறகு மனு. ஆதார், வங்கிப் புத்தகம், பதிவுச் சான்று மூன்றிலும் இனிஷியல்கூடப் பிசகக்கூடாது. ஓர் எழுத்துக்காக மாதக்கணக்கில் நடக்கவிடுகிறார்கள். அந்தப் பிழையை முதல் நாளே சொல்லியிருக்கலாம், சொல்லமாட்டார்கள்.

மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பரில். தரங்கம்பாடி, பூம்புகார், பழையாறு படகுகளின் பழைய சான்றில் நாகை என்றே இருக்கும். இங்கே போ, அங்கே போ என்று விரட்டினால், எந்த அலுவலகம் என்பதை எழுத்தில் கேளுங்கள். காரைக்காலில் பதிந்த படகா? அது புதுச்சேரி அரசின் துறை. எல்லையிலுள்ள வாஞ்சூரைத் தாண்டி வந்து இங்கே மனுப் போட்டுப் பயனில்லை.

லாங்டெயில் (நீளத் தண்டு) டீசல் எஞ்சின் ஓடும் ஃபைபர் படகுக்குத் துணையாக இரண்டாவது எஞ்சின் கேட்பவர்கள், முதல் எஞ்சினே மானியத்தில் வந்ததா என்று பாருங்கள். அப்படியென்றால் இன்னொன்று கிடைக்குமா என்பதை மீன்வள ஆய்வாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மனுவைக் கொடுத்தால் தேதியும் முத்திரையும் போட்ட ரசீது வாங்காமல் நகராதீர்கள். "ஃபைல் காணோம்" என்ற பதிலுக்கு அது ஒன்றுதான் மருந்து.

மாடலைக் குறிக்குமுன் படகின் பின்பலகை உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 15 அங்குலம், 20 அங்குலம் என்று எஞ்சின் தண்டு வெவ்வேறு நீளத்தில் வரும். விசிறிக்கு மேலுள்ள தட்டு, படகின் அடிமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். தண்டு குட்டையாக இருந்தால் அலை தூக்கும்போதெல்லாம் விசிறி காற்றில் சுற்றும், எஞ்சின் சூடாகும். பலகைக்குள் இருக்கும் பிளைவுட் ஊறியிருந்தால் பிடிப்பு நிற்காது. தட்டிப் பார்த்து, மந்தமாகச் சத்தம் வந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கைத்திருகை மட்டும் நம்பாமல் போல்ட்டும் பாதுகாப்புச் சங்கிலியும் போடுங்கள்.

பில்லில் உள்ள எண்ணும் எஞ்சின்மேல் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே சரிபாருங்கள். ஆய்வாளர் படகுக்கு வந்து பார்ப்பது அந்த எண்ணைத்தான்.